ஈசிஆருக்கு மேம்பாலம் வருகிறது. பால் வாங்கப் போகிறவருக்கு வழி எங்கே?

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை 14 கிலோமீட்டருக்கு மேம்பாலச் சாலை கட்டப்படும் என்று 2025 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மதிப்பு 2,100 கோடி ரூபாய். அன்றிலிருந்து "இனி ஈசிஆர் நெரிசல் ஒழிந்தது" என்று பலர் எழுதுகிறார்கள். ஒழியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நில அமைப்பு. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் ஒடுங்கலான ஒரு மணல் மேடு. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, வெட்டுவாங்கேணி, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, பனையூர், உத்தண்டி எல்லாமே அந்த மணல் மேட்டில்தான் இருக்கின்றன. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரே சாலை. சவுக்குத் தோப்புகளைத் துண்டு போட்டு மனைகளாக விற்றபோது ஒவ்வொரு லே-அவுட்காரரும் தன் தெருவை ஈசிஆரில் தொடங்கிக் கடற்கரையிலோ கால்வாய்க் கரையிலோ முடித்துவிட்டார். பக்கத்து லே-அவுட்டுக்கும் இதற்கும் நடுவே ஒரு காம்பவுண்டுச் சுவர். 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேரும் வரை இவை வெவ்வேறு உள்ளாட்சிகளின் கீழ் இருந்தன. ஒரு லே-அவுட்டின் தெரு அடுத்ததோடு சேர வேண்டும் என்பதை யாரும் கட்டாயமாக்கவில்லை.

விளைவைப் பாருங்கள். ஒரு தெருவில் இருப்பவர் இரண்டு தெரு தள்ளியிருக்கும் மருந்துக்கடைக்குப் போக வேண்டும். நேராகப் போனால் 150 மீட்டர். அவரோ பைக்கை எடுத்து ஈசிஆருக்கு வந்து, இடப்பக்கம் திரும்பி, அடுத்த மீடியன் (நடுத்தடுப்பு) திறப்பு வரை போய் யூ-டர்ன் அடித்து, கடையைத் தாண்டி இன்னொரு யூ-டர்ன் அடித்து வருகிறார். பால், பள்ளி, டியூஷன், காய்கறி எல்லாமே இப்படித்தான். மாமல்லபுரம் போகிற காரும் கொத்தமல்லி வாங்கப் போகிற ஸ்கூட்டரும் ஒரே சாலையில். மேம்பாலம் முதலாமவருக்கு உதவும், ஸ்கூட்டர்காரருக்கு ஒன்றும் செய்யாது.

அந்த யூ-டர்னைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஆறுவழிச் சாலையில் ஒரு பக்கம் மூன்று வழி, ஒரு வழிக்கு 3.5 மீட்டர், ஆக 10.5 மீட்டர். சாதாரணக் கார் இதற்குள் ஒரே வீச்சில் திரும்பிவிடும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியால் முடியாது. அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம் வேண்டும். பாதி திரும்பி, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் வர வேண்டும். அதுவரை இந்தப் பக்கமும் நிற்கிறது, அந்தப் பக்கமும் நிற்கிறது. திரும்பக் காத்திருக்கும் வண்டிகளுக்கென்று மீடியனை வெட்டித் தனி வழி விட்டிருந்தால் பின்னால் வருபவர் பாதிக்கப்பட மாட்டார். ஒரு காருக்கு 7 மீட்டர் வீதம் ஐந்து கார் நிற்க 35 மீட்டர் போதும். அது இல்லாத இடத்தில் வலது ஓர வழியையே மறந்துவிட வேண்டியதுதான். ஆறுவழி என்பது கணக்கில், ஓடுவது நான்கில்.

சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் பழைய நகர்ச்சாலைக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. ஓரத்தில் வண்டி நிற்காத, வீட்டு வாசல்கள் நேராகத் திறக்காத ஆறுவழிச் சாலை, இரு திசையும் சேர்த்து மணிக்கு 5,400 கார் அலகு (எல்லா வண்டியையும் கார் கணக்கில் மாற்றிய அளவு) தாங்கும். வாசல்கள் திறந்தால் 4,300தான். நான்கு வழிக்கு முறையே 3,600, 2,900. அதாவது நான்கிலிருந்து ஆறாக்கி, வாசல்களை அப்படியே விட்டால், வாசல்களைக் கட்டுப்படுத்தியிருந்தால் நான்கு வழியிலேயே 3,600 தாங்கியிருக்கக்கூடிய சாலையைப் பெருஞ்செலவில் 4,300க்குத்தான் கொண்டுவருகிறோம். அதோடு அகலப்படுத்தல் எங்கும் ஒரே சீராக முடிவதில்லை. நிலம் கிடைத்த இடத்தில் விரியும், வழக்கு நிற்கும் இடத்தில் சுருங்கும். சாலையின் கொள்ளளவு அதன் மிகக் குறுகிய இடத்தின் கொள்ளளவுதான். பாட்டில் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் தண்ணீர் கழுத்து வழியாகத்தானே வர வேண்டும்?

அதனால் நான் கேட்கும் முதல் வேலை மேம்பாலம் இல்லை, இணைப்புத் தெருக்கள். ஈசிஆருக்கு இணையாக, லே-அவுட்டுக்கு லே-அவுட் சுவரைத் திறந்து 3 மீட்டர் அகலப் பாதை. கார் போக வேண்டாம். சைக்கிள், ஸ்கூட்டர், நடப்பவர் போனால் போதும். கேட் போட்டு "குடியிருப்போருக்கு மட்டும்" என்று பலகை மாட்டிய பல தெருக்கள் ஒப்புதல் வாங்கிய வரைபடத்தில் பொதுச் சாலையாகவே இருக்கும். ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த சாலை இப்போது மாநகராட்சியுடையது. லே-அவுட் ஒப்புதல் எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபட நகலும் தானப் பத்திர நகலும் கேளுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் வார்டு பொறியாளரிடம் பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது கால்வாய். இந்தப் பகுதிக்குக் கால்வாய்க்கு மேற்கே ஓடும் ஓஎம்ஆரோடு (பழைய மாமல்லபுரம் சாலை) உள்ள முழுமையான பெரிய இணைப்பு அக்கரை–சோழிங்கநல்லூர் சாலைதான். துரைப்பாக்கம்–நீலாங்கரைப் பாலம் நிலமெடுப்பில் ஆண்டுக்கணக்காக இழுபட்டது. இரண்டாம் கட்ட மெட்ரோ மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை ஓஎம்ஆரில் வருகிறது. ஈசிஆர்க்காரர் வீட்டு மாடியில் நின்றால் அந்தத் தூண்கள் கண்ணுக்குத் தெரியும், கால்வாயைத் தாண்டத்தான் வழியில்லை. மெட்ரோ நிலையங்களுக்கு நேரே கால்வாயின் மேல் நடைபாலங்கள், ஒவ்வொன்றிலும் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகச் சாய்தளம், இரவு விளக்கு. 2,100 கோடியில் இதற்கு ஆகும் பங்கு மிகச் சிறியது. இதைக் கேட்காமல் விடுவதற்கு நியாயமே இல்லை.

பேருந்தைப் பற்றிச் சுருக்கமாக. போக்குவரத்துக் கணக்கில் ஒரு பேருந்து 2.2 கார் அளவு இடம் பிடிக்கும், 50 பேரைச் சுமக்கும். காலையில் ஒரு வழியைப் பேருந்துக்கு ஒதுக்கினால் ஆட்கள் நகர்வார்கள். இப்போது நிறுத்தத்தில் கார்கள் நிற்பதால் பேருந்து நடுச்சாலையில் நிற்கிறது, பயணிகள் சாலையில் இறங்கி ஓடுகிறார்கள்.

சாலையைக் கடப்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது. மீடியனோடு சேர்த்து ஏறக்குறைய 22 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்குப் போட்டு சிக்னல் வைப்பார்கள், 19 நொடி. தலையில் மீன்கூடை வைத்த அம்மா நொடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார், அவருக்கு 28 நொடி வேண்டும். மீனவர் குப்பங்கள் எல்லாம் கடல் பக்கம். நகரத்துக்குப் போகிற பேருந்தோ சாலையின் மேற்கு ஓரத்தில்தான் நிற்கும். மீடியனில் 2 மீட்டர் அகலத்துக்கு நிற்க இடமும், அங்கே சிக்னலுக்கு இன்னொரு பொத்தானும் வைத்தால் இரண்டு தவணையாகப் பயமில்லாமல் கடக்கலாம். நடைமேம்பாலம் தீர்வு ஆகாது. கூடையோடு 40 படி ஏறி இறங்க யாராலும் முடியாது, கீழேதான் குறுக்கே ஓடுவார்கள்.

இப்போது மணல். இந்த மேட்டின் அடியில்தான் தண்ணீர் இருக்கிறது. உப்புநீரின் மேல் நல்ல தண்ணீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்பை அழுத்திப் பிடித்திருக்கும். மேலே அரை மீட்டர் குறைந்தால் கீழே 20 மீட்டர் உப்பு ஏறும். அதனால்தான் சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்தில் கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே உள்ள பகுதியை நிலத்தடி நீர் ஊறும் பகுதியாக வைத்து, கட்டடங்களுக்குத் தனி வரம்பு போட்டார்கள். மழைநீர் வடிகால் என்று கான்கிரீட் பெட்டிக் கால்வாய் கட்டி, மணலே குடித்துவிடும் தண்ணீரைக் கடலுக்கு அனுப்பப் பார்த்தபோது இங்குள்ளவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் இதனால்தான்.

கணக்கு எளிது. சென்னையில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஒரு கிரவுண்டு மனை 223 சதுர மீட்டர். அதில் விழுவது மூன்று லட்சம் லிட்டருக்கு மேல், 12,000 லிட்டர் லாரியில் 26 லோடு. முற்றம் முழுக்க டைல்ஸ் பதித்தவர் அந்த 26 லோடையும் தெருவுக்குத் தள்ளிவிட்டுக் கோடையில் காசு கொடுத்து லாரியை வரவழைக்கிறார். அதே லாரிதான் மேலே சொன்ன யூ-டர்னில் குறுக்கே நிற்பது. தண்ணீரும் நெரிசலும் வேறு வேறு பிரச்சினை இல்லை.

கழிவுநீரும் அப்படியே. மணலில் உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும். 40க்கு 60 அடி மனை என்றால் 12க்கு 18 மீட்டர். உங்கள் குழியிலிருந்து உங்கள் கிணற்றைத் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழிக்கு அது கிட்டே போய்விடும். பாதாளச் சாக்கடை இணைப்புக் கிடைக்காத தெருவில் அடுக்குமாடிக்கு அனுமதி தரக்கூடாது என்று கேட்பது வளர்ச்சிக்கு எதிரான பேச்சு ஆகாது.

மேம்பாலம் வந்தே தீரும் என்றால், அதன் மழைநீரையாவது விடாமல் கேளுங்கள். தளம் 16 மீட்டர் அகலம் என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 2 கோடி லிட்டருக்கு மேல். தூணுக்குத் தூண் குழாய் இறக்கி, எண்ணெயும் வண்டலும் தங்கத் தனித் தொட்டி வைத்து, பிறகு உறைகிணற்றில் விட வேண்டும். தொட்டியை ஐப்பசிக்கு முன்னால் தூர்வாரும் பொறுப்பு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டே சல்லடை அடைத்து, பாலத்துத் தண்ணீர் கீழே போகிறவர் தலையில் கொட்டும். விளக்குகளும் கடல் பக்கம் கசியாமல் மறைப்போடு இருக்க வேண்டும். ஜனவரி முதல் இந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது; குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துச் சாலைப் பக்கம் ஊர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்குக்குக் குப்பத்து மணலைக் கேட்பவர்களுக்கு ஒன்று: வலை காயப்போடும் இடம், படகு ஏற்றும் இடம், மீன் உலர்த்தும் இடம் எல்லாம் கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டியவை. புறம்போக்கு என்பதால் ஆளில்லாத நிலம் ஆகிவிடாது. வண்டிகளை மணலுக்கு வெளியே, சாலையை அடைக்காத இடத்தில் நிறுத்திவிட்டு நடக்க வையுங்கள்.

கடைசியாக, திட்ட அறிக்கையில் என்ன தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். திருவான்மியூரில் நுழையும் வண்டிகளில் எத்தனை நிற்காமல் உத்தண்டியைத் தாண்டுகின்றன? இதை நாமே ஓரளவு எண்ணிப் பார்க்கலாம். இரு முனையிலும் இரண்டிரண்டு பேர், செவ்வாய்க்கிழமை காலை ஒரு மணி நேரம், வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் போனில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உத்தண்டியில் இருப்பவர்கள் அரை மணி தாமதித்துத் தொடங்குங்கள். பிறகு ஒப்பிடுங்கள். சனிக்கிழமை மாலை மறுபடி ஒரு முறை. இரண்டு முனையிலும் இருக்கும் எண்கள்தான் பாலத்தின் முழு நீளத்துக்கும் போகக்கூடியவை. மீதியில் பெரும்பகுதி கீழேயே இருக்கும்.