திக்குவாய் பயத்தால் வருவதல்ல

பினாங்கில் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "திக்குவாய் வெறும் பயம். வாயில் கூழாங்கல் வைத்துப் பேசினால் போய்விடும். அதுவரை கவுண்டர் வேலைக்குப் போகாதீர்கள்." மூன்றுமே தவறு.

திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. பரம்பரைக்கும் மூளை பேச்சை இயக்கும் விதத்துக்கும் அதில் பங்குண்டு. பதற்றம் அதைக் கூட்டும், ஆனால் மூலக் காரணம் அதுவல்ல. கூழாங்கல்லால் திக்கல் போகாது. கல் தொண்டையில் சிக்கும் ஆபத்துதான் உண்டு. பேச்சுச் சிகிச்சையாளரைப் பாருங்கள்.

நான் ஆறு வருடமாகக் கவுண்டரில்தான் இருக்கிறேன். எனக்கு 'ப' வராது. "பட்டர்வொர்த் கிளை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் உதடு ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் "ஃபெரி இறங்குகிற இடத்துக் கிளை" என்று சுற்றி வளைப்பேன். தவிர்க்கத் தவிர்க்க அந்தச் சொல்மேல் பயம்தான் வளர்ந்தது. இப்போது "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் உதட்டை அழுத்தாமல் மெதுவாகத் தொடங்குகிறேன். சில நாள் அப்போதும் சிக்கும். சரி, சிக்கட்டும். பெரும்பாலானோர் காத்திருக்கிறார்கள்.

தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அதைப் படித்துவிட்டு இண்டர்வியூவுக்கே போகாமல் நின்ற ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.