அரச குடும்பத் தொடர்களும் ஆதாரமில்லாத பழியும்

அரச குடும்பங்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களை நான் விரும்பிப் பார்ப்பவன். அதனால்தான், "வரலாறு வேண்டுமென்றால் புத்தகத்தைப் படியுங்கள், தொடரில் போய் ஏன் தேடுகிறீர்கள்?" என்று நண்பர்கள் சிலர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இரவு எட்டு மணிக்கு நடந்து போனால் வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு தொடரின் வசனம் காதில் விழும். பள்ளிப் பாடத்தோடு வரலாற்றை விட்டுவிட்ட பெரும்பாலானோருக்கு அக்பரும் எலிசபெத்தும் அதன் பிறகு அறிமுகமாவது திரையில்தான். அவர்களிடம் போய் "நீங்கள் ஏன் நம்பினீர்கள்?" என்று கேட்பது நியாயமாகாது, எடுத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆவணங்கள் மௌனம் காக்கும் இடத்தில் கதாசிரியர் தாராளமாகக் கற்பனை செய்யட்டும். ஆவணங்கள் பேசும் இடத்தில் அவற்றுக்கு மாறாக எழுதக் கூடாது. உண்மையில் வாழ்ந்த ஒரு மனிதர்மீது, அவர் செய்ததாக எந்தச் சான்றும் இல்லாத குற்றத்தைச் சுமத்தவே கூடாது.

பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றி நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி கிரவுன்' தொடரின் இரண்டாம் பருவத்தில், 2017-இல் வெளிவந்த ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். ராணி இரண்டாம் எலிசபெத்தின் கணவர் பிலிப் ஸ்காட்லாந்தின் கார்டன்ஸ்டவுன் பள்ளியில் மாணவராக இருந்த காலத்தைக் காட்டும் பகுதி அது. சிறுவன் பிலிப் சக மாணவனை அடித்துவிடுகிறான், தண்டனையாக அவனுடைய விடுமுறை ரத்தாகிறது, அதன் காரணமாக, விமானப் பயணத்துக்கு அஞ்சும் அக்கா செசிலி தன் திட்டத்தை மாற்றிக்கொண்டு லண்டனுக்கு விமானம் ஏறுகிறார், விமானம் விழுகிறது. இறுதிச் சடங்கில் தந்தை மகனைப் பார்த்து, உன்னால்தான் இந்த மரணம் என்கிறார். பார்ப்பவர் நெஞ்சை உலுக்கும் காட்சி.

நடந்தது வேறு. 1937 நவம்பர் 16 அன்று செசிலி, அவருடைய கணவர், மாமியார், இரண்டு மகன்கள் ஆகியோர் லண்டனில் நடக்கவிருந்த கணவரின் தம்பி திருமணத்துக்குப் புறப்பட்டார்கள். பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் அருகே மூடுபனியில் விமானம் விபத்துக்குள்ளாகி, அதில் இருந்த அத்தனை பேரும் இறந்தார்கள். செசிலி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. திருமணம் மறுநாளே துக்கக் கோலத்தில் நடந்தது. பயணத்தின் காரணம் அந்தத் திருமணம் மட்டுமே. பதினாறு வயது பிலிப் பள்ளியில் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பதற்கும் அந்தப் பயணத்துக்கும் தொடர்பே இல்லை. ஒரே நாளில் அக்காவின் குடும்பத்தை இழந்த சிறுவனுக்கு, அந்தச் சாவுக்கே அவன்தான் காரணம் என்ற பழியையும் தொடர் சேர்த்துக் கொடுத்தது. அது ஒளிபரப்பானபோது பிலிப் உயிரோடு இருந்தார், வயது தொண்ணூற்றாறு.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. இறுதி ஊர்வலம் நடந்த ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத் தெருவில் நாஜிச் சீருடை அணிந்த உறவினர்களுக்கு நடுவே சிறுவன் பிலிப் நடந்து செல்லும் உண்மையான புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. தொடர் அந்த ஊர்வலத்தை உடை, கொடி, முகபாவம் வரை கவனமாக மறுபடியும் உருவாக்கியிருக்கிறது. இணையத்தில் தேடும் ஒருவருக்குப் புகைப்படம் கிடைக்கிறது. காட்சியும் படமும் ஒத்துப்போகின்றன. ஆகவே தந்தை பேசிய வசனமும் உண்மையாகத்தான் இருக்கும் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. என் அக்கா மகன் அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு, "மாமா, அவரோட அப்பா கடைசி வரைக்கும் அவரை மன்னிக்கவே இல்லையா?" என்று கேட்டான். இல்லாத குற்றத்துக்கு மன்னிப்பு ஏது என்பதை அவனுக்கு விளங்க வைக்க எனக்கு நெடுநேரமாயிற்று.

நாடகத்துக்குச் சுருக்கமும் கற்பனையும் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அதே தொடரின் முதல் பருவத்தில், 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப்புகையைப் பற்றிய பகுதியில், சர்ச்சிலின் அலுவலகத்தில் பணிபுரியும் ஓர் இளம்பெண் வருகிறார். அவர் முழுக்கக் கற்பனைப் பாத்திரம். ஆயிரக்கணக்கானோர் மாண்ட ஒரு துயரத்துக்கு முகம் கொடுக்க உருவாக்கப்பட்ட பாத்திரம் என்பதால் அதில் எனக்குக் குறை தோன்றவில்லை. ஆனால் 2022-இல் வந்த ஐந்தாம் பருவத்தில், தாயை அரியணையிலிருந்து விலகச் செய்யும் எண்ணத்தோடு சார்லஸ் பிரதமர் ஜான் மேஜரிடம் பேசுவதுபோல ஒரு காட்சி வைத்தார்கள். அப்படி ஓர் உரையாடல் நடக்கவே இல்லை என்று மேஜர் தரப்பு மறுத்தது. உயிரோடு இருப்பவர்கள் மறுப்பாவது சொல்ல முடியும்.

'இது கற்பனை' என்று ஓர் அறிவிப்புப் போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். பிரிட்டனின் கலாச்சார அமைச்சராக இருந்த ஆலிவர் டவுடன் 2020-இல் அதைத்தான் கேட்டார்; நெட்ஃபிளிக்ஸ் அப்போது இணங்கவில்லை. 2022-இல் நடிகை ஜூடி டென்ச் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அதையே வலியுறுத்திய பிறகு, முன்னோட்டக் காணொளியின் விவரக் குறிப்பில் மட்டும் புனைவு என்ற சொல் இடம்பெற்றது. என்னைக் கேட்டால், தொடக்கத்தில் போட்டாலும்கூடப் பயன் குறைவு. நம்மில் பலர் இந்தக் காட்சிகளைக் கைப்பேசியில் ஒரு நிமிடத் துண்டுகளாகத்தான் பார்க்கிறோம். வெட்டப்பட்ட துண்டோடு அறிவிப்பு வருவதில்லை.

நம் பக்கமும் நிலைமை இதுதான். இந்தியில் எடுக்கப்பட்ட 'ஜோதா அக்பர்' தமிழ்க் குரலில் நம் வீடுகளுக்கு வந்தது. அக்பர் மணந்த ஆமேர் இளவரசிக்கு மரியம்-உஸ்-ஸமானி என்ற பட்டம் இருந்தது. அக்பர் காலத்து வரலாற்று நூலான அக்பர்நாமாவில் அவருக்கு ஜோதா என்ற பெயர் இல்லை. பெயர் விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன், யாருக்கும் அதனால் தீங்கில்லை.

சோழர் கதைக்கு வரும்போதுதான் எனக்குக் கவலை கூடுகிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைத் தொடாமல் சோழர் தொடர் எடுக்க யாருக்கும் மனம் வராது. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களும், அவர்களுடைய உறவினர்களின் உடைமைகள்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையும் அதில் உள்ளன. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று அது சொல்லவில்லை. ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனுக்குப் பங்கிருக்கலாம் என்று வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். இன்னொரு வரலாற்றறிஞரான சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். ஐயம் ஐயமாகவே நிற்கும் இடத்தில், செம்பியன் மாதேவியின் மகனான உத்தம சோழனைத் திரையில் சதிகாரனாக நிறுத்திவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அவன் சதிகாரன்தான். ஐயத்தை ஐயமாகவே காட்டும் திரைக்கதை எழுத முடியாதா? ஐயத்தைவிடப் பதைபதைப்பான நாடகப் பொருள் எது?

கற்பனைக்கு இடம் தேடுகிறவர்கள் எங்கள் பக்கம் வரட்டும். திருவொற்றியூர்க் கோயிலில் கிடைத்த கல்வெட்டு ஒன்று சதுரானன பண்டிதர் என்ற துறவியைப் பற்றிப் பேசுகிறது. கேரளத்திலிருந்து வந்தவர், சோழ இளவரசன் ராஜாதித்தனுக்கு நெருக்கமானவர். 949-இல் அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு நடந்த போரில் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அவனோடு சேர்ந்து சாக முடியாமற்போன வேதனையில் இவர் கங்கையில் நீராடி, துறவு பூண்டு, திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவரானார். கல்வெட்டோ, தன் இளவரசனை வீழ்த்திய அதே கிருஷ்ணனின் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. எதிரியின் ஆட்சியில் அந்த மடத்தில் உட்கார்ந்து அவர் என்ன நினைத்திருப்பார்? போரன்று அவர் எங்கே இருந்தார்? ஒரு பருவம் முழுக்க எழுதலாம். யார்மீதும் பொய்ப்பழி விழாது. தேரடிப் பக்கம் போகும்போதெல்லாம், இந்த ஊரில் இப்படி ஒரு கதை இருந்தும் அதை யாரும் தொடவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு வருகிறது.

தமிழில் அரச குடும்பத் தொடர் எடுக்க முன்வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கல்வெட்டு அறிஞரை நகைக்கும் உடைக்கும் மட்டும் கலந்துபேசி அனுப்பிவிடாதீர்கள். திரைக்கதை எழுதும் மேசையில் உட்கார வையுங்கள். குறிப்பிட்ட ஒரு மனிதர்மீது குற்றம் சாட்டும் காட்சி எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் இதற்குச் சான்று என்ன என்று கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். பகுதி முடிந்ததும் அரை நிமிடம் ஒதுக்கி, இன்றைய காட்சிகளில் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இருப்பது எது, நாங்கள் சேர்த்தது எது என்று எழுத்திலும் குரலிலும் சொல்லுங்கள். குரலில் சொல்வதை விட்டுவிட வேண்டாம்; எங்கள் தெருவில் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பாட்டிமார்களும் இந்தத் தொடர்களைத் தவறாமல் பார்க்கிறார்கள்.