ஈறு வீக்கமும் இரத்தப் பரிசோதனையும்

இரத்தப் புற்றுநோயாளிகளின் வாய்ப் பராமரிப்பு பற்றி நான் படித்த கட்டுரை, அவர்களுக்கு வரும் வாய்ப்புண்ணைக் கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சையின் பக்கவிளைவாக மட்டுமே விளக்குகிறது. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நோய் வாயில் தன்னைக் காட்டிக்கொள்வதும் உண்டு என்பதைச் சேர்த்திருக்கலாம். தண்டையார்பேட்டையில் வசிக்கும் என் மைத்துனருக்கு ஈறு வீங்கிப் பல்லை மூடும் அளவுக்கு வளர்ந்தபோது, வெற்றிலை பாக்குப் பழக்கத்தின் விளைவு என்றே வீட்டில் அனைவரும் (நானும்தான்) நினைத்தோம். அருகிலிருந்த பல் மருத்துவர் ஒருவர் பற்களைச் சுத்தம் செய்தார். அன்றிரவு முழுவதும் இரத்தம் நிற்கவில்லை. மறுநாள் எடுத்த பரிசோதனையில், ஒரு மைக்ரோலிட்டருக்குக் குறைந்தது 1,50,000 இருக்க வேண்டிய, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 20,000-க்கும் கீழே இருந்தன. இரத்தப் புற்றுநோயின் தீவிர மைலாய்டு வகையில், அதிலும் மோனோசைட் என்னும் வெள்ளையணுக்கள் பெருகும் பிரிவுகளில், புற்றணுக்களே ஈறுக்குள் புகுந்து அதை வீங்கச் செய்கின்றன என்பதைப் பிறகுதான் அறிந்தோம். முழு இரத்த அணுப் பரிசோதனையை வடசென்னையில் வசிப்பவர்கள் அங்குள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம்.

கட்டுரை கூறும் உப்புநீர்க் கொப்பளிப்பும் மென்மையான பிரஷ்ஷும் சரியே. ஆனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் புண்ணின் எரிச்சலைக் கூட்டும். நாக்கில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வெள்ளையணுக்கள் குறைந்த நிலையில் அது உணவுக்குழாய் வரை இறங்கக்கூடும் என்பதால் கைவைத்தியம் கூடாது. காப்பாற்ற முடியாத சொத்தைப் பல்லைக் கீமோவுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது என்றாலும், அதற்கான நாளைப் பல் மருத்துவர் தனியே முடிவுசெய்யாமல், புற்றுநோய் மருத்துவரிடம் அணுக்களின் எண்ணிக்கையைக் கேட்டறிந்த பிறகே குறிக்க வேண்டும்.