நாலு ஸ்டார் போட்டால் தண்டனையா?

கால் டாக்ஸியிலிருந்து இறங்கும்போது ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "சார், அஞ்சு ஸ்டார் போட்டு விட்டுடுங்க" என்கிறார். ஒரு மனிதரை இப்படிக் கேட்க வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். வண்டி சுத்தம், ஓட்டியதும் நிதானம். மேப்தான் தப்பான சந்துக்குள் கொண்டு போய் விட்டது. சுற்றி வந்ததில் நேரம் போய்விட்டது. அந்தக் கோபத்தை எங்கே காட்டுவது? திரையில் இருப்பது அவர் முகமும் கீழே ஐந்து நட்சத்திரமும் மட்டும். கடைசியில் எல்லாம் அவர் தலையில்தான் விடிகிறது.

நாலு என்றால் 'நல்லது' என்று நினைத்துப் போடுகிறோம். ஆனால் பல ஓட்டுநர்களும் சராசரியில் 4.8, 4.9 என்று நிற்கும் இடத்தில் நாலு என்பது கீழே இழுக்கும் எண்.

இதைச் சரிசெய்ய முடியாதா என்ன? இணையத்தில் பொருள் வாங்கி விற்கும் ஈபே தளத்தில், குறை சொன்னவருக்கு விற்பவர் பதிலுக்குக் குறை எழுதிப் பழிவாங்கினார். 2008-ல் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு போடும் வசதியையே விற்பவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பயணிகளுக்கு வீட்டை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தில் 2014 முதல், இரு தரப்பும் எழுதி முடிக்கும்வரை அல்லது 14 நாள் கழியும்வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

அப்புறம் டாக்ஸிக்கு மட்டும் என்ன? வழி, கட்டணம், வண்டி, ஓட்டுநர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். குறைத்துப் போட்டவர் காரணம் சொல்லாவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓட்டுநர் தன் பக்கத்தைச் சொல்லவும் ஓர் இடம் கொடுங்கள்.