வார்னிங் குடுத்தா ஓவர் பில்டப்பா?

ஐரோப்பால ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் புயல் வார்னிங் வந்தா போதும், "இவங்களுக்கு வேற வேலையே இல்ல, ஓவர் பில்டப்பு, கடைசில புஸ்ஸுனு போயிரும்"னு ஒரு கூட்டம் கெளம்பிருது. எனக்கு இதப் பாத்தா உண்மையிலேயே வயிறு எரியுது. 2013 அக்டோபர் 28 அதுக்குள்ள மறந்து போச்சா?

அன்னிக்கு அடிச்ச ஒரே புயலத்தான் பிரிட்டன்ல செயின்ட் ஜூட்னும் ஜெர்மனில கிறிஸ்டியான்னும் சொன்னாங்க. ஒரே நாள்ல தெற்கு இங்கிலாந்து, வடக்கு பிரான்ஸ், நெதர்லாந்து, வட ஜெர்மனி, டென்மார்க், தெற்கு சுவீடன்னு வரிசையா அடிச்சு நொறுக்கிட்டு பால்டிக் பக்கம் போச்சு. காலைல தெற்கு இங்கிலாந்துல இருக்குற வைட் தீவுல மணிக்கு 99 மைல், அதாவது கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர் வேகம். "1987 புயல் அளவுக்கு இல்லப்பா"னு லண்டன்ல பேசிட்டிருந்த அதே நாள் மத்தியானம் டென்மார்க்ல செகண்டுக்கு 53.5 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல, அந்த நாட்டு ரெக்கார்டே ஒடஞ்சது. நம்ம தெருவுல அடிக்கலன்னா புயலே இல்லன்னு ஆயிருமா?

இந்த அக்டோபர் புயல்ல காத்த விட மரம்தான் ஆபத்து. ஜனவரில மரம் மொட்டையா நிக்கும், காத்து கிளைக்கு நடுவுல பூந்து போயிரும், ஆனா அக்டோபர் கடைசில இலை முழுசா கொட்டியிருக்காது, மொத்த மரமும் படகுப் பாய் மாதிரி காத்த வாங்கும், கீழ மண்ணு மழைல ஊறி தொளதொளன்னு கெடக்கும், அப்புறம் வேரோட ஒரு ஆள் உயரத்துக்கு மண்ணையும் பேத்துக்கிட்டு அப்படியே சாஞ்சிரும். தென்கிழக்கு இங்கிலாந்துல கென்ட்ல தூங்கிட்டிருந்த 17 வயசுப் பொண்ணு கேரவன் வீட்டு மேல மரம் விழுந்துதான் செத்துப்போச்சு. ஆம்ஸ்டர்டாம்ல கால்வாய் ஓரமா ஒரு பெண் மேல மரம் விழுந்துச்சு. ஜெர்மனில கார்ல போனவங்க மேல விழுந்துச்சு.

1987 அக்டோபர்ல ராத்திரியோட ராத்திரியா ஒன்றரைக் கோடி மரம் சாஞ்சுது, பிரிட்டன்ல 18 பேர் போனாங்க, அவ்ளோ பெருசா வருதுன்னு ஜனங்களுக்கு யாரும் சரியா சொல்லல. அது இங்கிலாந்துக்கு இதவிடக் கடுமையான புயல்தான், அதனால நேரா ஒப்பிட முடியாது, ஒத்துக்கறேன். ஆனா 2013ல நாலஞ்சு நாள் முன்னாடியே சொல்லிட்டாங்க, தென்கிழக்கு இங்கிலாந்துல திங்கக்கிழமை காலை ரயிலெல்லாம் முன்னாடியே கேன்சல். அதுக்கு விழுந்த திட்டு இருக்கே! தண்டவாளத்தப் போய் பாத்தா நூத்துக்கும் மேல மரம் குறுக்க கெடந்துச்சு. ஆபீஸ் கூட்டம் நெரிய நெரிய ரயில் ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நிறுத்தினது நூத்துக்கு நூறு சரி. எனக்கு இருக்குற கோவம் வேற. ஆபீஸ்காரங்க வீட்லருந்தே லேப்டாப்ப தொறந்துக்கலாம், விடியக்காலைல க்ளீனிங்குக்கும் கேர் ஹோம்ல வயசானவங்களப் பாத்துக்குற வேலைக்கும் போறவங்க ஷிப்ட் போனா சம்பளம் போச்சேன்னு பஸ்ஸுக்காக மரத்தடிலதான் நிப்பாங்க. ரெட் வார்னிங், அதாவது உச்சகட்ட எச்சரிக்கை வந்தா அன்னிக்கு அவங்க கூலிய வெட்டக்கூடாதுன்னு சட்டமே போடணும்.