இது பிரமை இல்லை
தன்னைவிட்டே விலகி நிற்பது போன்ற உணர்வைக் கட்டுரையில் 'மனப்பிரமை' என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லைங்க. காரைக்குடியில் அப்பத்தா வீட்டுக் கல்யாணம், மூன்று நாளாய்ச் சரியான தூக்கமில்லை, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது என் கை யாருடையதோ போலவும் என் குரல் தூரத்திலிருந்து வருவது போலவும் இருந்தது, ஆனால் இது வெறும் உணர்வுதான் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. பிரமையில் அந்தத் தெளிவு இருக்காது. அப்பத்தா திருநீறு பூசிவிட்டார்கள் (பாவம், அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம்). பதற்றம், தூக்கக்கேடு, அதிர்ச்சி, கஞ்சா எல்லாம் இதைக் கிளப்பும் என்று அப்புறம் மனநல மருத்துவர் சொன்னார். பலருக்கு எப்போதாவது வந்து போவதுதான், நீடித்தால் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. 'இன்னும் இருக்கிறதா' என்று நொடிக்கொருதரம் சோதித்தால் அந்த உணர்வு அதிகமாகத்தான் செய்யும். எனக்குக் கைகொடுத்தது ஆத்தங்குடித் தரைக்கல்லின் குளிர்ச்சியில் வெறுங்காலோடு நிற்பது.