எந்த மரம் என்று முதலில் கேட்காதீர்கள்

டிரம் செய்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த மரத்துல?" ஆர்டர் கொடுக்க வருகிறவர்களும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். மேப்பிள் வேண்டும், வால்நட் வேண்டும், புபிங்கா கிடைக்குமா? எங்கே வாசிப்பீர்கள், எவ்வளவு பலமாக அடிப்பீர்கள், ஹெட்டை, அதாவது டிரம்மின் வாயை மூடும் சவ்வை, எவ்வளவு இறுக்கி வைப்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கிவிடுகிறது. சரக்கைக் காட்டச் சொன்னால் இவன் விசாரணை நடத்துகிறானே என்று.

என் கணக்கில் சத்தத்தை முடிவு செய்வது முதலில் ஹெட்டும் அதை இறுக்கும் விதமும். அடுத்தது ஹெட் உட்காரும் விளிம்பு. பிறகு விட்டம், ஆழம், சுவரின் தடிமன். மரத்தின் பெயர் அதற்கும் பின்னால்தான். இதைச் சொன்னால் இதே தொழிலில் இருப்பவர்களே சண்டைக்கு வருவார்கள். மரத்துக்குக் குரலே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே அளவு, ஒரே விளிம்பு, ஒரே ஹெட், ஒரே இறுக்கம் என்று வைத்து இரண்டு ஸ்னேரை (கீழ்ப்பக்கம் கம்பி பூட்டிய டிரம்) திரைக்குப் பின்னால் வாசித்தால் எது மேப்பிள், எது வால்நட் என்று அடித்துச் சொல்ல என்னாலேயே முடிவதில்லை. இரண்டையும் செய்தவன் நான்.

விளிம்பு என்றால் அப்படியில்லை. 45 பாகையில் கூராகச் சீவினால் ஹெட் மரத்தைத் தொடும் இடம் குறைவு. சத்தம் பளிச்சென்று கிளம்பி நீண்டு நிற்கும். அதே விளிம்பைக் கொஞ்சம் உருட்டிவிட்டால் சத்தம் கனத்து, சீக்கிரம் அடங்கும். இதைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டாலும் சொல்லிவிடலாம். அதனால் என் நேரம் அதிகம் போவது அங்கேதான். ஷெல்லை, அதாவது டிரம்மின் மர உடலை, சமமான கிரானைட் பலகை மேல் கவிழ்த்து, உள்ளே ஒரு சின்ன பல்பை எரியவிட்டு, அறை விளக்கை அணைத்துவிடுவேன். எங்கே வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கே பள்ளம். மற்ற இடமெல்லாம் அந்த அளவுக்குத் தேய வேண்டும். தேய்த்துப் பார், திரும்ப வை, விளக்கை அணை. ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போனதுண்டு. கீழ்ப்பக்க விளிம்பில் ஸ்னேர் கம்பிகள் போகும் இடத்தில் மட்டும் வேண்டுமென்றே லேசாகத் தாழ்த்த வேண்டும், அது வேறு கணக்கு.

மரத்தைப் பற்றிக் கேட்பதென்றால் பெயரைக் கேட்காதீர்கள், எவ்வளவு காய்ந்தது என்று கேளுங்கள். நான் செய்வது நீளவாக்கில் அறுத்த மரத்துண்டுகளை, பட்டை என்போம், வட்டமாக நிறுத்தி ஒட்டும் ஷெல். 20 பட்டை என்றால் ஒவ்வொரு பக்கமும் 9 பாகைச் சாய்வு. ரம்பம் 0.1 பாகை பிசகினால் போதும், 40 பக்கத்திலும் சேர்ந்து 4 பாகை ஆகிவிடும். 15 மில்லிமீட்டர் சுவரில் கடைசிப் பட்டை சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் வாய் திறந்து நிற்கும். அதைக்கூட அன்றைக்கே கண்ணால் பார்த்துவிடலாம். ஈரம் அப்படியில்லை, மெதுவாகத்தான் வேலையைக் காட்டும். நார் மேலும் கீழுமாக ஓடுவதால் மரம் உப்பும்போது ஷெல்லின் சுற்றளவே பெருகுகிறது. பூச்சில்லாத மேப்பிளில் ஈரப்பதம் ஒரு விழுக்காடு ஏறினால் 14 அங்குல ஷெல்லின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கூடலாம்.

ஆரம்பத்தில் ஒரு ஆர்டரை அவசரத்துக்குச் செய்தேன். பலகை பட்டறைக்கு வந்து சரியாகப் பத்து நாள்கூட ஆகவில்லை. அனுப்பிச் சில வாரம் கழித்து, மழை நாளில், போன் வந்தது: ஹெட்டைக் கழற்றவே முடியவில்லையாம். ஷெல் உப்பி ஹெட்டின் வளையத்தைக் கவ்விக்கொண்டது. "மரம் சரியில்லைங்க" என்று சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. திருப்பி வாங்கி, வெளிப்பக்கத்தைச் சீவி, மறுபடி பூச்சு போட்டு என் செலவில் அனுப்பினேன். பழைய தோல் போய் 1950களில் பிளாஸ்டிக் ஹெட் வந்த பிறகு, டிரம்முக்கு ஈரத்தொல்லை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஹெட்டுக்குத் தீர்ந்தது, மரத்துக்கு இல்லை.

புபிங்கா கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 ஜனவரியில் அது, அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் வந்தது. 2019 நவம்பரில் முழுதாக முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பலகைக்குக் கொடுக்கவில்லை. நான் வாங்குவது பலகை. நாடு விட்டு நாடு வரும் பலகைக்குக் காகிதம் வேண்டும், அதற்கு அலைவதும் நான்தான்.

பட்டறையில் நான் ஒருவன்தான். ஏன் இரண்டு ஆள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். நியாயமான கேள்விதான். ரம்பம் ஓடும்போது விரல் போனால் ஓடிவர ஆளில்லை. அதனால் களைப்பாக இருந்தால் அந்த சுவிட்சைத் தொடுவதில்லை. மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்று தெரிந்த பிறகு முகமூடியையும் கழற்றுவதில்லை. இத்தனைக்கும் தனியாகவே இருப்பதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சத்தம் சரியில்லை என்று போனில் கேட்கும் காதும் விளிம்பைத் தேய்க்கும் கையும் ஒரே ஆளிடம் இருந்தால் தப்பு சீக்கிரம் அகப்படுகிறது.

போன வாரம் ஒருவர் ஒரே வரியில் ஆர்டர் அனுப்பினார்: வால்நட், 14க்கு 6.5 அங்குலம், கறுப்பு. கறுப்பு வண்ணம் பூசச் சொல்கிறவருக்கு வால்நட் எதற்கு என்று கேட்கவில்லை. எங்கே வாசிக்கிறீர்கள், குச்சி எந்த அளவு என்று மட்டும் கேட்டேன். நான்கு நாளாகப் பதில் இல்லை. வால்நட் பலகை ரேக்கில்தான் நிற்கிறது, வந்த தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். எப்படியும் அதற்கு இன்னும் மூன்று வாரம் வேண்டும்.